கண்மாயில் தண்ணீர் நின்றால் எந்த வழி?

போன மார்கழியில் பெங்களூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் தங்கியிருந்தவர்கள், விடிவதற்கு முன்பே பாறைக்குக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். ஆறரை மணிக்கு எனக்குப் போன். "அண்ணா, புக்ல இருக்கிற பாதை தண்ணிக்குள்ள போகுது!" வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். முதுகில் ரோப் மூட்டையோடு கரையில் நின்றார்கள். கையில் பாறையேற்றக் கையேட்டின் ஆறு பக்கப் பிரிண்ட் அவுட். "ஆலமரத்தைத் தாண்டி, திறந்த பொட்டலில் மேற்கே 400 மீட்டர் நடக்கவும்" என்று அதில் இருந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்தது வைகாசியில். அந்தப் பொட்டல்தான் கண்மாயின் உள்வாய். ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்துவிட்டால் மாசி வரை அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கரை மேலேயே நடந்து, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கைச் சுற்றிப் போனால் இருபது நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். அந்த ஒரு வரி புத்தகத்தில் இல்லை.

பதினாலு வருடமாகப் பாறையேற்றம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கர்நாடகத்தில் பதாமி, ஹம்பி என்று சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பியவன். காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும்: கண்மாய்க் கரை, பனைமரம், நடுவே இட்லியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பாறை. வெளியூர் கிளைம்பர்களின் கண்ணில் இதெல்லாம் இப்போதுதான் பட ஆரம்பித்திருக்கிறது. அவர்களில் ஒருவர் கையேடு எழுதப்போவதாகச் சொல்லி, என் நோட்டைக் கேட்டிருக்கிறார். கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எழுதுகிறவருக்கு மட்டுமில்லை, அதை நம்பி ஏறப்போகிறவர்களுக்கும்.

எந்தக் கையேட்டை எடுத்தாலும் எழுதியவர் எந்த மாதத்தில் வந்து பார்த்தார் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். ஒரு வழி எவ்வளவு கடினம் என்று சொல்லும் கிரேடெல்லாம் அப்புறம். பாறை இருந்த இடத்தில்தான் இருக்கும். அதைச் சுற்றியுள்ள தண்ணீர், வெயில், தேனீ, திருவிழா, ஊர்க்காரர் மனசு எல்லாம் மாதத்துக்கு மாதம் மாறும்.

வெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்டுக் கையேடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் "வடக்கு முகம், நாள் முழுக்க நிழல்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். அந்த ஊர்களுக்கு அது சரி. காரைக்குடி பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 10 டிகிரி வடக்கே இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு முகத்தில் வெயிலே விழாது, அது உண்மை. சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் உச்சி வேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அங்கிருந்து வடக்கே நகர்ந்து, ஆவணி வாக்கில்தான் திரும்பும். அந்த நான்கு மாதமும் மத்தியானத்தில் வடக்கு முகம்தான் காயும். புத்தகத்தை நம்பி ஆனி மாதத்தில் நிழல் தேடிப் போனவர்கள் கைத்தோல் வெந்து திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, "நிழல்" என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். எந்த மாதம், எத்தனை மணி வரை என்பதும் வேண்டும்.

கிரேடும் இதோடு ஒட்டியதுதான். நம் பாறைகளில் பிடிக்க விளிம்பு கம்மி. ஷூவின் ரப்பரை அழுத்திவைத்து, உராய்வை நம்பித்தான் ஏற வேண்டும். காலை ஏழு மணிக்கு 6ஏ என்று கிரேடு போட்ட ஸ்லாப் (சாய்வான பாறை), பாறை சுட்டு உள்ளங்கை வியர்க்கும் பதினோரு மணிக்கு 6ஏ மாதிரி இருக்காது. பிரெஞ்சு முறையில் போட்டதா, அமெரிக்க முறையா என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, அந்த வழியை எத்தனை பேர் ஏறிப் பார்த்தார்கள் என்றும் சொன்னால் போதும். ஒரே ஆள் ஒரே தடவை ஏறிப் போட்ட கிரேடு அவருடைய அபிப்பிராயம். கிரேடைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் ஆர்வமில்லை.

உயிரோடு விளையாடுவது வழியின் நீளம். பொதுவாக எல்லோரும் வைத்திருப்பது 60 மீட்டர் ரோப். மேலே ஆங்கரில் (ரோப்பைத் தாங்கும் பிடிமானத்தில்) மாட்டி ஆளைக் கீழே இறக்கும்போது அது இரண்டாக மடிந்து நிற்கும். ஆக, 30 மீட்டர்தான் கணக்கு. சில வருடங்களுக்கு முன் வெளிமாநிலப் பாறை ஒன்றில், கையில் இருந்த குறிப்பு "28 மீட்டர்" என்றது. என் மாணவர் கீழே நின்று ரோப்பைப் பிடித்து விட (அதுதான் பிலே), நான் இறங்கிக்கொண்டிருந்தேன். தரைக்கு இன்னும் ஓர் ஆள் உயரம் இருக்கும்போது ரோப் நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்த மாணவரின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நுனியில் நாங்கள் போட்டிருந்த முடிச்சு பிலே கருவியில் போய் முட்டி நின்றிருந்தது. முடிச்சு இல்லையென்றால் நுனி உருவிக்கொண்டு போயிருக்கும், நான் கீழே விழுந்திருப்பேன். அந்தக் குறிப்பை எழுதியவர் கண்ணால் பார்த்து மதிப்பிட்டிருக்கிறார். ரோப்பை வைத்து அளந்ததா, கண் மதிப்பா என்று ஒவ்வொரு நீளத்துக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்தாவது போடுங்கள். ஏறுகிறவர்களே, எந்தப் புத்தகம் என்ன சொன்னாலும் நுனியில் முடிச்சு போடுங்கள்.

பாறையில் துளை போட்டு போல்ட் அடித்த இடமானால் அடித்த வருடமும் உலோகமும் புத்தகத்தில் வேண்டும். தாய்லாந்தின் ரைலே கடற்கரைப் பாறைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளே உப்புக் காற்றில் விரிசல் விட்டுப்போய், டைட்டானியத்துக்கு மாற வேண்டியிருந்தது. வெளியே பளபளப்பாக இருந்த போல்ட் உள்ளே அறுந்திருந்தது. "நல்ல போல்ட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தேதி இல்லையென்றால் அதற்கு அர்த்தமில்லை. இங்கே நான் சொல்லிக்கொடுப்பதெல்லாம் மேலே கட்டிய ரோப்பில் ஏறும் டாப் ரோப்தான், துளை போடுவதில்லை.

அப்புறம் மலைத்தேனீ. தொங்கு பாறையின் அடியில் முறம் போலக் கூடு தொங்கும். பூக்காலம் முடிந்ததும் கூட்டம் கிளம்பிவிடும், அடுத்த பருவத்தில் அநேகமாக அதே இடத்துக்கே திரும்பும். புரட்டாசியில் வந்து பார்த்தவருக்குக் கூடு கண்ணில் பட்டிருக்காது. அடை ஒட்டியிருந்த மெழுகுக் கறை மட்டும்தான் பாறையில் தெரிந்திருக்கும். அந்தக் கறையைப் படத்தில் வட்டமிட்டுக் காட்டாத கையேட்டை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். தரையில் நிற்பவராவது ஓடலாம். ரோப்பில் தொங்குகிறவர் எங்கே ஓடுவார்? இங்கே எனக்கு வழிகாட்டி ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்தான். "தம்பி, ஈ வந்திருச்சு, இந்தப் பக்கம் வேணாம்" என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

ஏறக்கூடாத இடங்களைப் பற்றிப் பேசாமல் செட்டிநாட்டுக் கையேடு எழுத முடியாது. இங்கே கண்ணுக்கு எடுப்பான பாறை பெரும்பாலும் கோயிலாகவோ கோட்டையாகவோ இருக்கும். பிள்ளையார்பட்டியும் திருமயமும் குடைவரைகள், குன்றக்குடியில் மலை மேல் முருகன். சித்தன்னவாசலில் ஓவியம் மட்டுமில்லை, ஏழடிப்பட்டம் குகையில் சமணப் படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சிதைத்தால், 1958-ம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் சொல்வது 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வியர்வைக்குப் பூசும் சாக்பொடிக் கை பட்ட கல்வெட்டும் அதில் அடங்கிவிடலாம். பல கையேடுகள் இந்த இடங்களைச் சும்மா விட்டுவிடுகின்றன. விட்டால் என்ன ஆகும்? வெளியூர்க்காரர் அந்தப் பாறையைப் பார்த்து, "அட, இதை யாரும் ஏறவில்லையே!" என்று நினைப்பார். பெயரைப் போட்டு, "ஏறக்கூடாது" என்று எழுதுவதுதான் சரி.

சட்டத்தில் வராத சின்னப் பாறைகளில் ஊர்தான் சட்டம். அடிவாரத்தில் ஐயனாரோ முனியோ இருக்கலாம், உச்சிச் சுனையில் சாமிக்குத் தீர்த்தம் எடுக்கலாம். ஒருமுறை இறங்கி வந்ததும் பாறையில் வெள்ளை வெள்ளையாக இருந்த கைத்தடங்களைக் காட்டி ஆத்தா ஒருவர், "ஏம்ப்பா, விபூதியை இப்படி வீணாக்கியிருக்கீக?" என்றார். அன்றிலிருந்து போகும்போது பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் போகிறோம்.

இங்கே எனக்கு ஒரு சின்ன ஆசை உண்டு. ஊர்ப் பெயர்களைத் தமிழ் எழுத்திலும் அச்சிட வேண்டும், கண்டக்டரிடம் நீட்டிக் காட்டுவதற்கு. கூடவே, "ஐயா, இந்தப் பாறையில் ஏறிக்கொள்ளலாமா?" என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம். கேட்கிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கேட்ட மரியாதை போய்ச் சேர்ந்துவிடும். பாம்புக்கடிக்கு எங்கே போவது என்பதையும் அதே பக்கத்தில் போடலாம். 108 எண், சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், பாறையடியில் சிக்னல் கிடைக்காவிட்டால் எந்த மேட்டில் கிடைக்கும் என்ற விவரம்.

என் நோட்டில் ஒரு பாறை இப்படி இருக்கிறது: "கிழக்கு முகம். மார்கழி, தை: மத்தியானத்துக்கு மேல் நிழல். மழைக்குப் பின் கறுப்புத் தாரை இரண்டு நாள் வழுக்கும். கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழி. மேலே புங்கமரம், ரோப் கட்டலாம் (சென்ற வைகாசியில் பார்த்தது). இறங்க: தெற்கே முள்ளுக்குள் ஆட்டுப்பாதை. பங்குனி: புரவி எடுப்பு, வராதீர்கள்."

அதற்குக் கீழே மூன்று வழிகள் இருந்தன. போன பங்குனிப் புரவி எடுப்பில் அடிவாரத்தில் புதிதாக மண்குதிரைகளை வைத்தார்கள். ஊர்த் தலைவர் அம்பலகாரர் கூப்பிட்டு, "இனி அந்தப் பக்கம் மட்டும் வேணாம்ப்பா" என்றார். சரி என்றேன். மூன்றையும் ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் தேதி போட்டேன். அதில் ஒன்று நானே முதலில் ஏறிய வழி. கையேடு எழுதுகிறவர் நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இதை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். விட வேண்டாம், கோட்டோடும் தேதியோடும் அப்படியே அச்சடியுங்கள் என்றேன்.