பத்திக் வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள்

பத்திக் என்பது மெழுகால் வடிவம் வரைந்து, மெழுகு மூடிய இடத்தில் நிறம் ஏறாதபடி சாயத்தில் நனைத்த துணி. இந்தோனேசியாவில், யோக்யகார்த்தா நகரின் பெரிங்ஹார்ஜோ சந்தையில் விலை கேட்பதற்கு முன்னால் துணியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்றும் பின்பக்கம் வெளிறியும் இருந்தால், அநேகமாக அது மெழுகையே பார்க்காத, இயந்திரத்தில் அச்சடித்த துணி. செப்பு அச்சால் மெழுகு ஒற்றியது என்றால் ஒரே வடிவம் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். கையால் வரைந்ததில் இரண்டு பூக்கள் ஒன்றுபோல் இருக்காது.

இதன் காரணம் புரிய, இமோகிரி அரச கல்லறைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கிரிலோயோ கிராமத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே பெண்கள் சிறு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, 'சாந்திங்' என்ற மூக்குள்ள குட்டிச் செப்புக் கிண்ணத்தில் உருகிய மெழுகை மொண்டு, அடைப்பு நீங்க மூக்கில் ஊதிவிட்டு, கோடு இழுக்கிறார்கள். மெழுகு அதிகமாகச் சுட்டால் கோடு பரவிவிடும், ஆறினால் நூலுக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். நல்ல வேலையில் பின்பக்கமும் அதே கோட்டின் மேல் வரைவார்கள், அதனால்தான் சாயம் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே புக முடியாது. மெழுகிலும் கலவை உண்டு: தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், பைன் பிசின் துணியோடு ஒட்டவைக்கும், பாராஃபின் விரிசல் விடும்.

சரி, சாயத்தைச் சூடாக்க முடியாதே? தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். இங்கேதான் சூடில்லாமலே துணியில் ஏறும் அவுரி கைகொடுக்கிறது. அவுரியின் நீலம் தண்ணீரில் கரையாது, ஆனால் சுண்ணாம்பும் வெல்லப்பாகும் சேர்த்து ஊறவிட்டால் ஆக்சிஜன் இழந்து மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைகிறது. துணியை முக்கி வெளியே எடுத்ததும் காற்று பட்டு, கண்முன்னே பச்சை நீலமாக மாறி நூலுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காத காட்சி.

அப்புறம் பழுப்பு வேண்டிய இடத்தில் மெழுகைச் சுரண்டி, நீலமாகவே இருக்க வேண்டியதை மெழுகால் மூடி, மரப்பட்டையில் எடுக்கும் 'சோகா' சாயத்தில் நனைப்பார்கள். மூடாத நீலத்தின் மேல் பழுப்பு ஏறினால் கறுப்பு. இப்படிச் சேர்ந்து ஒரு நல்ல துணி முடிய மாதக்கணக்கில் ஆகும், அதனால் கைவேலைத் துணிக்கு அடாவடியாகப் பேரம் பேசாதீர்கள்.

கடைசியில் கொதிநீரில் போடுகிறார்கள். மெழுகு உருகி மேலே மிதக்கிறது, அதை வழித்தெடுத்து அடுத்த துணிக்கான கலவையில் சேர்த்துக்கொள்கிறார்கள்.