பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டரைப் பார்த்து ஸ்கிம்மர் வாங்காதீர்கள்

அண்மையில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் சென்னை வீடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மீன்கள் நன்றாக இருக்கின்றன, இறாலும் நட்சத்திர மீனும் மட்டும் அடுத்தடுத்துச் செத்துவிட்டன, என்ன நோய் என்று வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தேன். நோய் எதுவும் இல்லை. ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய உப்பளவு 28-க்கு இறங்கியிருந்தது.

நான்கு அடித் தொட்டி அது. அடியில் இருக்கும் சம்ப்பில், அதாவது தொட்டி நீர் இறங்கிவந்து திரும்பிப் போகும் துணைத்தொட்டியில், "1,000 லிட்டர் தொட்டிக்கானது" என்று சொல்லி விற்கப்பட்ட பெரிய ஸ்கிம்மர். கழிவை நுரையாக்கி, கழுத்து வழியாக மேலே உள்ள கோப்பையில் சேர்க்கும் கருவி அது. தொட்டியில் இருந்தவை இரண்டு கோமாளி மீன்களும் ஒரு சிறிய கோபி மீனும்தான். அவ்வளவு சிறிய மீன்கூட்டத்தின் கழிவால் அந்த அகன்ற கழுத்தில் நுரை ஏறவே இல்லை. இயந்திரம் வேலை செய்யவில்லை என்று எண்ணி, வெளியேறும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி உள்ளே நீர்மட்டத்தை உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் நுரைக்குப் பதிலாக உப்பு நீரே கோப்பைக்குள் ஏறி வாளியில் வடிய ஆரம்பித்திருக்கிறது. குறைந்த நீரைத் தானாக நிரப்பும் கருவி ஒவ்வோர் இரவும் ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்திருக்கிறது. காலையில் வாளியை யாரோ கொட்டிவிடுவார்கள். 250 லிட்டர் நீரில் ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் இப்படி வெளியேறி, அதே அளவு நன்னீர் சேர்ந்தால் 35 என்பது 28 ஆகிவிடும். மீன்கள் அதைத் தாங்கும். இறாலும் நட்சத்திர மீனும் தாங்கா.

இதே கதையைச் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த லிட்டர் எண்ணை யார் முடிவு செய்கிறார்கள் தெரியுமா? தயாரிப்பாளரேதான். எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. நேர்மையான நிறுவனங்கள் மூன்று எண்களைத் தருகின்றன: மீன் குறைவாக இருந்தால் இவ்வளவு, நடுத்தரமாக இருந்தால் இவ்வளவு, நெருக்கமாக இருந்தால் இவ்வளவு என்று. கடையில் உங்கள் காதில் விழுவது அவற்றில் மிகப் பெரிய எண் மட்டும்.

ஸ்கிம்மர் நீரை அள்ளும் கருவி அன்று. நீரில் கரைந்திருக்கும் புரதம், கொழுப்பு போன்ற கரிமப் பொருள்களில் காற்றுக் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டக்கூடியவற்றை நுரையாக மேலே ஏற்றி வெளியேற்றும் கருவி. அந்தப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன? நீங்கள் போடும் இரையிலிருந்து. ஒரே 250 லிட்டர் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் இருந்தால் ஒரு சிட்டிகை இரை போதும். அதே தொட்டியில் லயன் ஃபிஷ் ஒன்று இருந்தால் இறால் துண்டுகளாகப் போட வேண்டியிருக்கும். லிட்டர் மாறவில்லை, ஆனால் கழிவு பல மடங்கு மாறிவிட்டது. இந்த இரண்டு தொட்டிகளுக்கும் ஒரே ஸ்கிம்மர் எப்படிப் பொருந்தும்?

"எதற்கும் இரண்டு மடங்கு பெரிதாக வாங்கிவிட்டால் நல்லதுதானே" என்ற பேச்சுதான் என்னை மிகவும் சோர்வடைய வைக்கிறது. நல்லதில்லை. குமிழி உடையாமல் மேலே ஏற வேண்டுமானால் அதன் தோலில் போதிய அளவு கரிமப் பொருள் ஒட்டியிருக்க வேண்டும். கழுத்து அகலமாக இருந்து கழிவு குறைவாக இருந்தால், நுரை பாதி வழியிலேயே உடைந்து சரிந்துவிடும். பல நாள் ஒன்றும் சேராது, பிறகு ஒருநாள் பொங்கும், மறுபடியும் ஒன்றும் சேராது. அளவான கழுத்துள்ள சிறிய ஸ்கிம்மர் அதே தொட்டியில் நாள்தோறும் சீராகக் கழிவை எடுத்துக்கொண்டிருக்கும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2009-லும் 2010-லும் வெளியிட்ட அளவீடுகளை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். நீரில் இருந்த மொத்தக் கரிமக் கார்பனில் சுமார் 20 முதல் 35 சதவீதத்தைத்தான் ஸ்கிம்மர்களால் எடுக்க முடிந்தது. இரண்டு மடங்கு விலை கொடுத்தால் இரண்டு மடங்கு சுத்தம் கிடைத்துவிடாது. எஞ்சியதற்கு நீர் மாற்றியே ஆக வேண்டும்.

அம்மோனியாவை ஸ்கிம்மர் எடுத்துவிடும், ஆகவே தொட்டி வைத்த மறுநாளே மீன் விடலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எடுக்காது. நைட்ரேட்டையும் எடுக்காது. கரிமப் பொருள் அழுகி அம்மோனியா ஆவதற்கு முன் அதில் ஒரு பகுதியை வெளியேற்றும், அவ்வளவுதான். அம்மோனியாவைக் கையாள்வது பாறையிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியாக்கள். அவை பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். தயவுசெய்து பொறுத்திருங்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? முதலில் தொட்டியின் உண்மையான நீரளவைக் கணக்கிடுங்கள். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 255 லிட்டர். மணல், பாறை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போகச் சுமார் 200 நிற்கும். சம்ப்பில் ஓடும் நீரை அதோடு கூட்டுங்கள். பிறகு, இன்னும் ஓராண்டில் எந்தெந்த மீன்கள் இருக்கப்போகின்றன என்று எழுதி வையுங்கள். இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மீன் குறைவு என்றால், நடுத்தர மீன்கூட்டத்துக்கான எண் உங்கள் நீரளவை ஒட்டி இருந்தால் போதும். இரை நிறையத் தின்னும் மீன்கள் என்றால், நெருக்கமான கூட்டத்துக்கான எண் உங்கள் நீரளவை எட்ட வேண்டும். அந்த மூன்று எண்களைக் கடைக்காரரால் சொல்ல முடியவில்லை என்றால், இயந்திரத்தின் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அடுத்தது சம்ப். ஸ்கிம்மர் வாங்கிய பிறகு சம்ப்பை அளப்பவர்கள்தான் பெரும்பான்மை. உள்ளே வைக்கும் ஸ்கிம்மர் ஒவ்வொன்றுக்கும் அது நிற்க வேண்டிய நீரின் ஆழம் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 22 சென்டிமீட்டர் வரை. நீர் அதிகமாக இருந்தால் அடியில் ஒரு மேடை வைத்து உயர்த்திவிடலாம். குறைவாக இருந்தால் சம்ப்பையே மாற்ற வேண்டிவரும். அந்த ஆழம் நாளெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். நீர் ஆவியாகி மட்டம் ஏறி இறங்குவது, சம்ப்பில் நீரை மேல் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில். ஸ்கிம்மரை அங்கே வைத்தால் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி நுரைக்கும். அதற்கு முந்தைய அறையில், தடுப்புக் கண்ணாடி மட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். கோப்பையை மேலே தூக்கிக் கழற்ற அலமாரிக்குள் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றச் சிரமமாக இருக்கும் கோப்பையை யாரும் கழுவுவதில்லை.

சம்ப் இல்லாதவர்களுக்குத் தொட்டியின் விளிம்பில் தொங்கவிடும் வகை இருக்கிறது. பயன்படுத்தலாம், ஆனால் பொங்கினால் தரையில்தான் கொட்டும். அறுபது எழுபது லிட்டருக்குள் இருக்கும் சிறு தொட்டிக்கு ஸ்கிம்மரே தேவையில்லை. வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவீத நீரை மாற்றுங்கள், அந்தப் பணத்தில் உப்பளவைக் காட்டும் நல்ல ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள்.

பம்ப்பைப் பற்றி ஒரு செய்தி, இதை எந்தக் கடையிலும் சொல்வதில்லை. இன்றைய வீட்டு ஸ்கிம்மர்களில் பெரும்பாலானவை பம்ப்புக்குள் சுழலும் முள் வைத்த இம்பெல்லரால் காற்றைத் துண்டாக்குகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த இயந்திரத்தை மின்னழுத்த மாற்றியோடு இணைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50 ஹெர்ட்ஸ். மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்ற வேண்டிய, ஹெர்ட்ஸைப் பொறுத்தே வேகம் அமையும் சின்க்ரனஸ் மோட்டார் இங்கே 3,000 சுற்றுதான் சுற்றும். காற்று குறையும், நுரை குறையும், பழி மட்டும் இயந்திரத்தின் மேல் விழும். டி.சி. பம்ப் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் அடாப்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பவளத் தொட்டிக்கு எந்த ஸ்கிம்மர் நல்லது என்றும் கேட்கிறார்கள். கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பவளம் வீட்டில் இருந்தால் அது குற்றம். அந்தத் தொட்டிக்கு நான் ஆலோசனை சொல்வதில்லை.

வாங்கி வைத்தாகிவிட்டது என்றால், முதல் இரண்டு வாரம் அதைத் தொடாதீர்கள். புதிய அக்ரிலிக்கின் மேல் படலம் படிந்த பிறகுதான் நுரை நிலைபெறும். நாளுக்கு நான்கு முறை வால்வைத் திருகினால் ஒருபோதும் நிலைபெறாது. இரை போட்டவுடன் நுரை விழுந்துவிடுவது இயல்பு, எண்ணெய்ப் பசைதான் காரணம், சில மணி நேரத்தில் தானே மீளும். கோப்பையில் சேர்வது கட்டங்காப்பி நிறத்தில் இருந்தால் சரியாக ஓடுகிறது. வெளிறிய நீராக இருந்தால் உள்ளே மட்டத்தைக் குறையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுத்தைத் துடையுங்கள், அங்கே பசை படிந்தால் நுரை ஏறாது. காற்றுக் குழாயின் முனையில் உப்பு அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை வெந்நீரில் கழுவுங்கள். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பை வெள்ளை வினிகர் கலந்த நீரில் ஊறவையுங்கள். சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

சோப்பு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 2019 மழைக்காலத்தில் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரையில் குவிந்த வெள்ளை நுரை நினைவிருக்கும். சுத்திகரிக்காத கழிவுநீரும் சலவைத்தூளும் கடலில் கலந்ததன் விளைவு. கடல் நீரைக் கேனில் பிடித்துவந்து தொட்டியில் ஊற்றுகிறவர்கள் மழைக்காலத்தில் கூவம், அடையாறு முகத்துவாரங்களின் பக்கம் போகவே கூடாது. அந்த நீரை ஊற்றிய அன்று ஸ்கிம்மர் கட்டுக்கடங்காமல் பொங்கும். "நன்றாக வேலை செய்கிறது" என்று மகிழாதீர்கள். காரணம் இல்லாத திடீர்ப் பொங்கல் எப்போதும் எச்சரிக்கைதான்: மருந்து, நீர் பதப்படுத்தும் திரவம், பாறை ஒட்டும் பசை, கையில் பூசிய கிரீம், இவற்றில் ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். ஸ்கிம்மர் மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் அறைக்காற்றை உறிஞ்சி, மிக நுண்ணிய குமிழிகளாக்கி நீரில் கலக்கிறது. அந்த அறையில் கொசுவர்த்தியோ கொசு விரட்டும் திரவமோ வைக்காதீர்கள். அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சு மனிதருக்குச் செய்யும் தீங்கைவிட மீனுக்கும் இறாலுக்கும் செய்யும் தீங்கு பல மடங்கு. வண்ணம் பூசும் நாளிலும், சாம்பிராணி போடும் நேரத்திலும் காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே விடுங்கள், அல்லது ஸ்கிம்மரை நிறுத்திவிடுங்கள். ஏ.சி. போட்டு இரவெல்லாம் மூடியிருக்கும் படுக்கையறைத் தொட்டிக்கு அந்தக் குழாய் எப்போதும் வெளியே இருப்பது நல்லது. அடைந்த அறையில் கூடும் கரியமில வாயு, தொட்டியின் பி.எச். அளவை இறக்கிவிடும்.

கடைசியாக மின்வெட்டு. மின்சாரம் நின்றதும் மேலே இருக்கும் நீரில் ஒரு பகுதி சம்ப்புக்கு இறங்கி, ஸ்கிம்மர் வழக்கத்தைவிட ஆழத்தில் நிற்கும். மின்சாரம் திரும்பியதும் பம்ப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் அது பொங்கும். ரிட்டர்ன் பம்ப் ஓடி மட்டம் பழைய நிலைக்கு வந்து பத்து நிமிடம் கழித்து ஸ்கிம்மர் ஓடும்படி ஒரு தாமத சுவிட்ச் போடுங்கள். இன்வெர்ட்டரில் ஸ்கிம்மரை இணைக்காதீர்கள். சில மணி நேரம் அது ஓடாவிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் மீன்களுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். உப்பு நீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 6.2-தான். மே மாதத்தில் நீரோட்டம் நின்றுபோன தொட்டியில் அது வேகமாகத் தீர்ந்துவிடும். இன்வெர்ட்டரின் மின்சாரத்தை, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் அலைபம்புக்குக் கொடுங்கள், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றையும் எப்போதும் சார்ஜ் ஏற்றி வைத்திருங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவ் வகையில் ஏ.சி. பம்ப்புகள் உறுமிச் சூடாகும், அந்தச் சூடும் நீரில்தான் இறங்கும்.