ரெப்ரசன்டேஷன்: பிரதிநிதித்துவமா, சித்திரிப்பா?

வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் 'பெண்களின் பிரதிநிதித்துவம்' என்னும் தொடர் இப்போது தவறாமல் வந்துவிடுகிறது. 'டூம் ரெய்டர் விளையாட்டின் லாரா கிராஃப்ட் பெண்களைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறாள்', 'இந்த விளையாட்டில் பெண்களின் பிரதிநிதித்துவம் மோசமாக உள்ளது', 'நிறுவனங்களில் பெண்களின் பிரதிநிதித்துவம் உயர வேண்டும்' என்பன போன்ற வாக்கியங்கள் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றிலும் சொல் ஒன்றுதான்; பொருளோ வெவ்வேறு. ஆங்கிலத்தில் 'ரெப்ரசன்டேஷன்' என்று கண்ட இடமெல்லாம் பிரதிநிதித்துவம் என்று எழுதுவது பிழை. வீடியோ கேம் துறையில் பெண்களின் நிலையைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிழை நடைக்குறை என்ற அளவில் நில்லாமல், பேச வந்த கருத்தையே குழப்பிவிடுகிறது என்பது என் துணிபு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீன் 'ரெப்ரசென்டாரே' என்பதற்குக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துதல் என்பது பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த அச்சொல், ஓவியத்தில் ஒன்றை வரைந்து காட்டுவதற்கும், மேடையில் நடித்துக் காட்டுவதற்கும், மன்றத்தில் பிறர் சார்பாக நின்று பேசுவதற்கும் பொதுவாயிற்று. 'பிரதிநிதி' வடசொல், 'ஒன்றுக்குப் பதிலாக வைக்கப்பட்டது' என்பது அதன் பொருள். வேள்விக்குரிய பொருள் கிடைக்காதபோது அதற்கு மாற்றாக வைக்கும் பொருளையும் வடமொழி நூல்கள் அப்பெயராலேயே வழங்கின. ஆகவே பிரதிநிதி என்பதன் உயிர் 'பதிலாக' என்பதில் இருக்கிறது. காட்டுதல், வரைதல், தீட்டுதல் என்னும் பொருள்கள் தமிழ் வழக்கில் அதற்கு இல்லை. ஆங்கிலச் சொல்லின் ஒரு கிளைக்கு மட்டும் பொருந்தும் சொல்லை மரம் முழுமைக்கும் பெயராக்கியதே குழப்பத்தின் தொடக்கம்.

இந்தக் குழப்பம் வீடியோ கேம் துறையில் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். கேரல் ஷா 1982ஆம் ஆண்டில் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக 'ரிவர் ரெய்ட்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். ஆற்றின்மேல் பறக்கும் போர்விமானமே அதில் ஆட்டக்காரர் இயக்கும் பொருள். திரையில் பெண் யாரும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு அட்டாரி வெளியிட்ட 'சென்டிபீட்' விளையாட்டை எட் லாக்குடன் இணைந்து உருவாக்கியவர் டோனா பெய்லி. அதன் திரையிலும் பூச்சிகளும் காளான்களுமே நிறைந்திருக்கின்றன. இவ்விரண்டிலும் 'பெண்களின் பிரதிநிதித்துவம்' உண்டா, இல்லையா? உருவாக்கியவரைக் கருதினால் உண்டு. திரையைக் கருதினால் இல்லை. எதிர்த்திசையில், 1996இல் வந்த 'டூம் ரெய்டர்' விளையாட்டின் முதன்மைப் பாத்திரமான லாரா கிராஃப்ட் ஒரு பெண். அவரை வடிவமைத்தவர் டோபி கார்ட் என்னும் ஆண். பெண்ணொருத்தி துணைப் பாத்திரமாக அன்றித் தானே துணிந்து செயல்படுபவளாக வந்தது பெரிய மாற்றம். அதே வேளையில், அவருடைய உடலை மிகைப்படுத்தி வடித்த முறை அன்று தொட்டுக் கண்டிக்கப்பட்டும் வருகிறது. பெண் இடம்பெற்றிருக்கிறாள், அவளைக் காட்டிய விதம் குறைபட்டிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டியவர், பிரதிநிதித்துவம் என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 'பிரதிநிதித்துவம் இருந்தும் பிரதிநிதித்துவம் சரியில்லை' என்றுதான் எழுத நேரும்.

2014இல் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' வெளிவருமுன் எழுந்த விவாதமும் இத்தகையதே. கூட்டாக ஆடும் பகுதியில் பெண் பாத்திரமாக ஆட இயலாதது ஏன் என்ற கேள்விக்கு, அசைவூட்டத்துக்கும் உடைகளுக்கும் கூடுதல் வேலை தேவைப்படும் என்று அதை உருவாக்கிய யுபிசாஃப்ட் நிறுவனத்தின் தரப்பில் விடை கூறப்பட்டது. அங்கே வழக்கு, பெண்ணுக்கு இடம் உண்டா என்பது பற்றியது. அவளை எப்படிக் காட்டினார்கள் என்பது பற்றியதன்று. 2015இல் வந்த 'ஃபிஃபா 16' முதன்முறையாகப் பெண்களின் தேசிய அணிகள் 12ஐச் சேர்த்ததும் இடம் பற்றிய செய்தியே. பணியாளர் கணக்கு இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. பன்னாட்டு விளையாட்டு உருவாக்குநர் சங்கத்தின் கருத்தாய்வில் விடையளித்தோருள் பெண்கள் 2014இல் 22 விழுக்காடு, 2021இல் 30 விழுக்காடு. அமெரிக்காவில் வீடியோ கேம் ஆடுவோருள் பெண்கள் 46 விழுக்காடு என்று அந்நாட்டு வீடியோ கேம் நிறுவனங்களின் சங்கம் 2023இல் கூறியது. ஆடுவோரின் கணக்கையும் உருவாக்குவோரின் கணக்கையும் பிரதிநிதித்துவம் என்றே எழுதிவிட்டால், படிப்பவர் 30ஐயும் 46ஐயும் ஒரே அளவுகோலின் இரண்டு புள்ளிகள் என்று எண்ணிவிடுவார். இந்தத் துறையில் பெண்களின் குறை எங்கே இருக்கிறது என்பதை அறிய வேண்டியவருக்கு, அதை மறைக்கும் சொல்லையே நாம் கொடுத்துவருகிறோம்.

வடசொல்லை விலக்க விரும்புவோர் சிலர் பிரதிநிதித்துவத்துக்கு மாற்றாகச் 'சார்பாண்மை' என்று எழுதுகின்றனர். தனித்தமிழில் எனக்குள்ள பற்று குறைந்ததன்று. எனினும் இந்த ஆக்கத்தை இந்தத் துறையில் ஏற்க இயலாது. முதலில் பொருந்தாத ஒரு மறுப்பை ஒதுக்கிவிடுகிறேன். 'ஆண்மை' என்று முடியும் சொல்லைப் பெண்களைப் பற்றிய பேச்சில் ஆளலாமா என்று சிலர் வினவுகின்றனர். அந்த ஈறு 'ஆள்' என்னும் வினையடியிலிருந்து வந்தது. 'தாளாண்மை என்னும் தகைமைக்கண் தங்கிற்றே வேளாண்மை என்னுஞ் செருக்கு' என்ற குறளில் வரும் இரண்டு ஆண்மைகளுக்கும் ஆணுக்கும் தொடர்பில்லை. மேலாண்மையும் அப்படியே. ஆகவே ஈற்றின்மேல் குறை சொல்வதற்கில்லை.

குறை முதற்பகுதியில் இருக்கிறது. சார்பு என்னும் சொல்லுக்கு இக்காலத் தமிழில் வலுவாக வேரூன்றிய பொருள், ஒரு பக்கம் சாய்தல் என்பது. நடுவர் சார்பின்றித் தீர்ப்பளித்தார் என்கிறோம். சார்பற்ற ஆய்வு என்கிறோம். அரசியல் சார்பு, சமயச் சார்பு என்கிறோம். ஆண்களுக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கும் மனநிலையைப் பாலினச் சார்பு என்றே எழுதிப் பழகியிருக்கிறோம். இந்நிலையில், 'வீடியோ கேம்களில் பாலினச் சார்பாண்மை உயர வேண்டும்' என்று ஒருவர் எழுதினால், பாகுபாடு உயர வேண்டும் என்று அவர் கூறுவதாகவே முதல் வாசிப்பில் விளங்கும். நேரெதிர்ப் பொருள் தரும் ஆக்கம் எவ்வளவு தூயதாயினும் கலைச்சொல் ஆகாது. 'சார்பாளர் என்னும் சொல் தெளிவாகத்தானே இருக்கிறது' என்று கேட்கலாம். ஆம், ஒருவர் சார்பாக மன்றத்தில் நிற்பவரைச் சார்பாளர் எனலாம். அங்கே 'யாருடைய' என்பது உடன் வருவதால் மயக்கம் இல்லை. அதைப் பண்புப்பெயராக்கி, முன்னே 'பாலின' என்னும் அடையையும் சேர்க்கும்போதுதான் தீங்கு நேர்கிறது. பொருளைக் காணாமல் ஒரு சொல்லுக்கு நேர் ஒரு சொல் என்று பட்டியலிடும் பழக்கத்தின் விளைவு இது. பிரதிநிதித்துவம் என்னும் சொல் செய்த பிழையைச் சார்பாண்மையும் அப்படியே மேற்கொள்கிறது. வடசொல் போயிற்று, பிழை போகவில்லை. திரையில் தீட்டப்பட்ட ஓர் உருவம் யாருடைய சார்பிலும் நிற்பதில்லை என்னும் அடிப்படை மறுப்பு இரண்டுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும்.

இதற்கு அறிஞர்கள் கூறக்கூடிய மறுமொழியை நான் அறிவேன். இரு பொருளும் ஒரே சொல்லில் இணைந்திருப்பதால்தான், காட்டும் முறைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஆங்கிலத்தில் ஆராய முடிகிறது. தமிழில் பிரித்துவிட்டால் அந்த உறவு அறுந்துபோகும் என்பர். ஆனால் ஜெர்மன் மொழியில் இவ்விரு பொருளும் பிரிந்தே இருக்கின்றன. பிறருக்காக நிற்பதற்கு 'ஃபெர்ட்ரேட்டுங்', காட்டுவதற்கு 'டார்ஷ்டெல்லுங்' என இரு சொற்கள் அங்கே உண்டு. இலக்கியக் கோட்பாட்டறிஞர் காயத்ரி ஸ்பிவாக் 1988இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில், மார்க்ஸின் எழுத்தில் வரும் இவ்விரு சொற்களின் வேறுபாட்டைச் சுட்டித்தான், ஒடுக்கப்பட்டோரைக் காட்டுவதும் அவர்களுக்காகப் பேசுவதும் ஒன்றெனக் கொள்வதன் தவற்றை எடுத்துக் கூறினார். பிரித்தறிந்த பிறகே உறவைப் பேச முடியும் என்பதற்கு அந்தக் கட்டுரையே சான்று.

ஆகவே என் பரிந்துரை, ஒரு சொல்லைத் தேடாமல் பொருளுக்கேற்ற சொற்களை ஆள்வது. பெண் பாத்திரங்கள் விளையாட்டில் உண்டா, எத்தனை என்பதைக் கூற 'இடம்' அல்லது 'இடம்பெறல்' போதும். உருவாக்குவோரிலும் ஆடுவோரிலும் பெண்கள் எத்தனை பேர் என்பதற்குப் 'பங்கு' என்னும் எளிய சொல் இருக்கிறது. பெண்களைக் காட்டும் விதத்துக்குச் 'சித்திரிப்பு' மிகப் பொருத்தம். சித்திரத்திலிருந்து வந்ததாதலால் சித்தரிப்பு என்பதைவிடச் சித்திரிப்பு என்பதே திருந்திய வடிவம். தொழிலாளர் அமைப்பிலோ குழுவிலோ பெண்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு அவர்களுக்காகப் பேசுபவர் இருந்தால், அங்கே பிரதிநிதித்துவம் என்று எழுதுவதில் எனக்கு எவ்வகை மறுப்பும் இல்லை.

சித்திரிப்பும் வடசொல் அடியுடையதாயிற்றே என்பார்க்கு, 'உருப்புனைவு' என்னும் ஆக்கத்தை முன்வைக்கிறேன். புனைதல் என்பதற்குத் தீட்டுதல், அணிசெய்தல், கற்பித்தல் என்னும் பொருள்கள் தமிழில் உண்டு. நெடுநல்வாடை, அணிகளைந்து வாடியிருக்கும் அரசியைப் 'புனையா ஓவியம் கடுப்ப' என்று கூறுகிறது. வண்ணம் தீட்டாத கோட்டோவியம் போன்றவள் என்பது கருத்து. தீட்டுவதும் அணிசெய்வதும் ஒரே வினையாய் நிற்கும் இந்தச் சொல், நம் பொருளுக்கு வியக்கத்தக்க அளவில் ஒத்துவருகிறது. 1982இல் வந்த 'மிஸ் பாக்மேன்' விளையாட்டில் பெண்ணை எப்படிக் காட்டினார்கள்? ஏற்கெனவே 'பாக்மேன்' விளையாட்டில் இருந்த மஞ்சள் வட்டப் பாத்திரத்துக்குச் சிவப்பு நாடாவும் உதட்டுச்சாயமும் இட்டார்கள். வட்டம் இயல்பாகவே ஆண் என்றும், பெண் என்பவள் அதன்மேல் சேர்க்கப்படும் அணி என்றும் கொண்ட அந்த நோக்கை உருப்புனைவு என்னும் சொல் விளக்கமின்றியே வெளிப்படுத்திவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் சில முறையீடுகள் உள்ளன. 'குறைப்பிரதிநிதித்துவம்' என்று ஒரு சொல்லைக் காண்கிறேன். 'பெண்களுக்குப் போதிய இடமில்லை' அல்லது 'பெண்களின் பங்கு குறைவு' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். 'தவறான பிரதிநிதித்துவம்' என்பதற்குத் 'திரித்துக் காட்டல்' என்னும் நல்ல தமிழ் இருக்கிறது. முதன்மைப் பாத்திரமான பெண்ணைக் 'கதாநாயகி' என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். நாயகனுக்கு இணையாக வருபவள் என்னும் பொருள் அச்சொல்லில் படிந்துவிட்டது. நாயகனே இல்லாத கதையில் லாராவைக் கதாநாயகி என்பது அவரை ஒரு படி இறக்குவதாகும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வினைமுற்று. 1986இல் வந்த 'மெட்ராய்ட்' விளையாட்டில் கவசம் அணிந்து போரிடும் சாமுஸ் அரான், விரைந்து ஆடி முடிப்பவருக்கு மட்டும் இறுதியில் கவசம் களைந்து பெண்ணாக வெளிப்படுகிறார். அதன் ஆங்கிலக் கையேடு சாமுஸை ஆணுக்குரிய சுட்டுப்பெயராலேயே குறித்தது. தமிழில் இத்தகைய கதையை எழுதுவோருக்கு வந்தான், வந்தாள் என்று பால்காட்டும் ஈறுகள் இடையூறாகத் தோன்றலாம். வந்தார் என்னும் உயர்வுப் பன்மை இருபாலுக்கும் பொதுவாக நம்மிடம் இருக்கிறது. ஆட்டக்காரரை நோக்கிப் பேசும் 'நீங்கள் வந்தீர்கள்' என்பதிலும் பால் தெரிவதில்லை. அப்படியிருந்தும், ஆட்டக்காரர் தம் பாத்திரத்தைப் பெண்ணாகத் தேர்ந்துகொள்ளக்கூடிய விளையாட்டுகளைப் பற்றிய தமிழ் விளக்கங்களில் 'வீரன் வாளை எடுக்கிறான்' என்றே எழுதப்படுகிறது. வீரர் வாளை எடுக்கிறார் என்று எழுத ஓர் எழுத்துக்கூட மிகுதியாகத் தேவைப்படாது.