பெயரில்லாத எதிரியும் பிளேடுகளின் எண்ணிக்கையும்

பழைய சாகசப் படங்களில் எதிரி நாட்டுக்குப் பெயரே வைக்காமல் விட்டுவிடுகிறார்களே, அப்படியோர் அநாமதேய எதிரி நிஜத்தில் இருக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1986இல் வெளிவந்த ‘டாப் கன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் எதிரி விமானத்துக்கு ‘மிக்-28’ என்று பெயர் உண்டு. நாட்டுக்குப் பெயர் இல்லை. அப்படியொரு சோவியத் மிக் போர் விமானமும் இருந்ததில்லை: 15, 21, 29 என்று அவற்றுக்கு ஒற்றைப்படை எண்களே வழக்கம். திரையில் பறந்தது கறுப்புச் சாயம் பூசிய அமெரிக்க எஃப்-5.

சாயம் கண்ணை ஏமாற்றும்; ரேடாரை ஏமாற்றாது. நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண், டாப்ளர் விளைவால் சற்றே உயர்ந்திருக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் அந்த அலையில் ஒரு பகுதி எஞ்சினின் வாய்க்குள்ளும் புகுந்து, அங்கே சுழன்று காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பிளேடுகளில் பட்டுத் திரும்புகிறது. ஓடும் மேசை மின்விசிறியின் முன் முகத்தை வைத்துப் பேசினால் குரல் நறுக்கப்பட்டு நடுங்குமே, ஏறக்குறைய அதே கதிதான் இந்த அலைக்கும். பேச்சுக்கு, நொடிக்கு 250 சுற்றுச் சுழலும் தண்டில் முதல் வரிசையில் 30 பிளேடுகளும் அடுத்த வரிசையில் 40 பிளேடுகளும் இருப்பதாகக் கொண்டால், எதிரொலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைந்த படத்தில் முதன்மைக் கோட்டுக்கு இருபுறமும் 7,500 ஹெர்ட்ஸ் தள்ளி ஒரு கோடும், 10,000 ஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு கோடும் முளைக்கும். விமானி எஞ்சினின் வேகத்தைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே முதன்மைக் கோட்டை நோக்கி நகரும்; 3:4 என்ற விகிதம் மட்டும் அசையாது, ஏனெனில் அதை நிர்ணயிப்பது விமானி அல்ல, எஞ்சினைச் செய்த பட்டறை. எனக்கு இந்த இடம்தான் அலாதியானது: பறக்கும் ஒரு பொருளின் வயிற்றுக்குள் இருக்கும் பற்களைத் தொலைவிலிருந்தே எண்ணிவிடுகிறோம்.

அந்தக் கோடுகளைப் பிரித்தெடுக்கும் கணிதத்தை, வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்த ஃபூரியே 1822இல் நூலாக வெளியிட்டார். ஆய்வு நிதி கேட்டு வருபவரிடம் ‘இதனால் உடனடிப் பயன் என்ன’ என்று துருவும் குழுக்களின் முன் அவர் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. பக்கவாட்டில் பறக்கும் விமானத்தின் பிளேடுகள் ரேடாருக்குத் தெரியாது. எஞ்சினுக்குள் காற்று புகும் குழாயை வளைத்து அமைத்தும் அவற்றை மறைக்கலாம். மேலும், கோடுகள் எஞ்சினின் வகையைச் சொல்லுமே தவிர, ஓட்டுபவர் யார் என்பதைச் சொல்லாது. தென் வியட்நாமுக்கு அமெரிக்கா கொடுத்த எஃப்-5 விமானங்கள் பல 1975இல் வெற்றி பெற்ற வடக்கின் கைக்குப் போயின. ஷா ஆட்சியில் ஈரான் வாங்கியவை 1979 புரட்சிக்குப் பிறகு புதிய அரசின் கொடியுடன் பறந்தன. ஆகவே, அந்தக் கறுப்பு விமானங்களை நிஜ ரேடார் பார்த்திருந்தால் மிக் என்ற பொய் உடைந்திருக்கும். நாட்டின் பெயர் அப்போதும் வெளிவந்திருக்காது.