ஐவிஐஜி ஏற்றிய பிறகு ஜிஏடி பாசிட்டிவா? தேதியைப் பாருங்கள்

நரம்புப் பிரச்சினைக்காக ஐந்து நாள் ஐவிஐஜி (ரத்தக்குழாய் வழியே ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) ஏற்றியிருப்பார்கள். கூடவே ஸ்டீராய்டும் கொடுத்ததால் சர்க்கரை எகிறியிருக்கும். அந்த நேரத்தில், உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்குவதால் வரும் டைப் 1 சர்க்கரையைக் கண்டறிய உதவும் ஜிஏடி ஆன்டிபாடி பரிசோதனை செய்தால் சிலருக்குப் பாசிட்டிவ் என்று வந்துவிடுகிறது. "எனக்கு டைப் 1 சர்க்கரையாமே டாக்டர், இனி ஆயுசுக்கும் ஊசிதானா?" என்று கலங்கிப்போய் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது தேதிகளைத்தான்: மருந்து ஏற்றியது என்றைக்கு, ரத்தம் எடுத்தது என்றைக்கு?

ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடிகளின் தொகுப்பு. சர்க்கரை நோயே இல்லாத சிலரின் ரத்தத்திலும் ஜிஏடி ஆன்டிபாடி இருக்கும். அதுவும் மருந்தோடு சேர்ந்து உங்கள் உடம்புக்குள் வந்துவிடுகிறது. அது உங்கள் உடல் உண்டாக்கியதா, இரவலாக வந்ததா என்று பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. இப்படி வருவது பெரும்பாலும் குறைந்த அளவில்தான் இருக்கும். அளவு மிக அதிகமாக இருந்தால் மருந்தின் மேல் பழி போட்டு விட்டுவிடக் கூடாது.

ஐஜிஜி பாதியாகக் குறையவே மூன்று, நான்கு வாரம் ஆகும். அதனால் கடைசி டோஸ் முடிந்து சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பேன். இரவல் சரக்கு என்றால் அதற்குள் மறைந்திருக்கும். மாதாமாதம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இந்த இடைவெளியே கிடைக்காது. மருந்துக்கு முன் எடுத்த ரத்தம் லேபில் மிச்சம் இருந்தால் அதில் பார்ப்பதே நல்லது. கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளியிடும் சி-பெப்டைடையும் அதே நேரத்துச் சர்க்கரை அளவையும் சேர்த்துப் பார்த்தால், கணையம் இன்சுலின் சுரக்கிறதா என்பது ஆன்டிபாடியின் துணையின்றியே தெரியும்.

அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. அதிக தாகம், வாந்தி, எடை குறைவு, கீட்டோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலப் பொருள்) இருந்தால் இன்சுலின் உடனே வேண்டும். எந்த டைப் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில ஐவிஐஜி மருந்துகளில் மால்டோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரையைச் சேர்த்திருப்பார்கள். சில வகை குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகள் அதையும் குளுக்கோஸாக எண்ணி, இல்லாத சர்க்கரையைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் தாழ்சர்க்கரை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் மருந்தில் மால்டோஸ் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் அந்த நாட்களில் லேப் முடிவை வைத்தே இன்சுலின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

நரம்பியல் மருத்துவ நண்பர்களே, ஆன்டிபாடி பரிசோதனை தேவைப்படலாம் என்று தோன்றினால் முதல் பாட்டிலைத் தொங்கவிடும் முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகுதான் எடுக்கிறீர்கள் என்றால், லேப் படிவத்தில் ஐவிஐஜி கொடுத்த தேதியை எழுதி அனுப்புங்கள்.