565 கிலோமீட்டர் வேகம் எங்கே போகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் நாலு பேர் சேர்ந்தால் ஷட்டில்தான், அதாவது பேட்மிண்டன். துணி காயப்போடும் கொடிதான் வலை. அந்த நேரத்தில் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும். கிழக்கே நிற்பவர் லேசாகத் தட்டினாலும் காக் (நாங்கள் அடிக்கும் இறகுப்பந்து) கைப்பிடிச்சுவரைத் தாண்டித் தெருவில் விழும். மேற்கே நிற்பவர் முழு பலத்தோடு அடித்தாலும் கொடியைத் தாண்டவே யோசிக்கும். தோற்றவர் காற்றைக் குறை சொல்வார். பெரும்பாலும் அது நான்தான்.

உலகப் போட்டிகள் மூடிய அரங்கில் நடக்கின்றன, அங்கே இந்தச் சாக்கு செல்லாது என்று நினைத்திருந்தேன். அங்கேயும் செல்லுமாம்.

காக்கின் எடை 4.74 முதல் 5.50 கிராம். தக்கையில் 16 இறகுகள், வாத்து அல்லது பெருவாத்தின் சிறகிலிருந்து எடுத்தவை. உயரத்திலிருந்து சும்மா கீழே போட்டால் அதன் வேகம் நொடிக்கு 6.8 மீட்டர் அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் ஏறாது, ஏனென்றால் அந்த வேகத்தில் காற்றின் தடையும் காக்கின் எடையும் சமமாகிவிடுகின்றன. தடையோ வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவது. வேகம் பத்து மடங்கானால் தடை நூறு மடங்கு. அதாவது மணிக்கு 245 கிலோமீட்டரில் பறக்கும் ஐந்து கிராம் காக்கினை, காற்று அரைக் கிலோ கனத்தோடு பின்னால் தள்ளுகிறது. கிரிக்கெட் பந்துக்கு இப்படி ஒரு கஷ்டமே கிடையாது.

இந்தக் கணக்கை நீட்டினால் ஒரு அழகான விடை வருகிறது: ஏறக்குறைய ஒவ்வொரு மூன்றேகால் மீட்டருக்கும் காக்கின் வேகம் பாதியாகிறது. 2023-ல் கின்னஸ் பதிவான சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர். அது மட்டையை விட்டுக் கிளம்பிய கணத்து வேகம். மூன்றேகால் மீட்டரில் 282, ஆறரை மீட்டரில் 141, பத்தை நெருங்கும்போது 70. ஆடுகளத்தின் முழு நீளமான 13.40 மீட்டரையும் கடந்தால் மிஞ்சுவது சுமார் 33, நம்ம டவுன் பஸ் வேகம். (இது தோராயம்தான். புவியீர்ப்பையும், அதிவேகத்தில் இறகுக் குடை கொஞ்சம் சுருங்குவதையும் விட்டுவிட்டேன்.) எதிராளி இப்படிப்பட்ட ஸ்மாஷை எடுக்க முடிவதன் ரகசியமே இதுதான்.

உயரே தூக்கி அடித்த காக் பந்து போல வளைந்து இறங்குவதில்லை. சரிவாக ஏறும், மேலே வேகம் செத்துப்போகும், பிறகு கிட்டத்தட்ட நேராகக் கீழே விழும். எப்படி அடித்தாலும் தக்கையே முன்னால் வரும், எடையில் பெரும்பகுதி அங்கே இருப்பதால். அடிபட்டதும் கண் இமைப்பதற்குள் குப்புறத் திரும்பிவிடுகிறது. இந்தத் திரும்பலைக் குழப்பத்தான் 2023-ல் சிலர் சர்வீஸின்போது விரலால் காக்கினைச் சுழற்றிவிட்டு அடித்தார்கள். எதிராளிக்கு அது எங்கே ஆடும் என்றே புரியவில்லை. அதே ஆண்டு உலக பேட்மிண்டன் சம்மேளனம் அதைத் தடை செய்தது. சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, மூடிய அரங்கில் காற்று எங்கிருந்து வருகிறது? ஏசி குழாயிலிருந்து, திறந்து மூடும் கதவிலிருந்து, ஆயிரக்கணக்கானோரின் உடற்சூட்டிலிருந்து. ஆட்டக்காரர்கள் இதை டிரிஃப்ட் என்பார்கள். உப்பனாற்றைப் படகில் கடந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். துடுப்பு எப்படிப் போட்டாலும், ஆற்றில் இருக்கும் நேரம் முழுக்கத் தண்ணீர் படகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். காக்குக்குக் காற்றுதான் ஆறு. நொடிக்கு அரை மீட்டர் நகரும் காற்று முகத்தில் பட்டால்கூட உணர மாட்டோம். ஆனால் இரண்டு நொடி வானில் இருக்கும் காக்கினை அது ஒரு மீட்டர் வரை நகர்த்திவிடும். காக்கின் வேகத்தைச் சோதிக்கும் விதியைப் பாருங்கள்: கடைக்கோட்டில் நின்று கீழ்க்கை அடியாக முழுதாய் அடித்தால், எதிர்க் கடைக்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்னால் விழ வேண்டும். விதி தரும் இடைவெளியே 46 செ.மீ. தான்.

ஆகவே முடிவுப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு இப்போது ஒரு சந்தேகப் புத்தி வந்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் ஸ்பெயினின் கரோலினா மாரின் நம்ம பி.வி. சிந்துவை வென்றது 19-21, 21-12, 21-15. 2025 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் சீனாவின் ஷி யூச்சி, தாய்லாந்தின் குன்லவுட் விதித்சர்னை வென்றது 19-21, 21-10, 21-18. முதல் கேமை இழந்தவர் அடுத்ததில் எதிராளியைப் புரட்டிப்போடுகிறார். இவற்றில் காற்றுக்குப் பங்கிருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இடையில் பக்கம் மாறினார்கள் என்பதை ஸ்கோர் மட்டும் பார்ப்பவர் மறந்துவிடுகிறார்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 18 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறைவு. தடை குறைந்தால் காக் தூரம் போகும். அதனால்தான் டப்பாவில் 75 முதல் 79 வரை எண்கள். சிறிய எண் மெதுவானது, நம்மைப் போன்ற சூடான ஊருக்கு. ஒரு எண் ஏறினால் சுமார் 30 செ.மீ. கூடுதலாகப் பறக்கும். கையில் இருப்பது வேகமான காக் என்றால் உள்ளூர்க்காரர்கள் இறகு நுனிகளை வெளிப்பக்கம் மடித்துவிடுவார்கள். குடை விரிந்தால் தடை கூடும், அவ்வளவுதான்.

டாஸ் வென்றவர் சர்வீஸ் கேட்கலாம், அல்லது பக்கம் கேட்கலாம். முதல் கேம் ஒரு பக்கம், இரண்டாவது மறுபக்கம், மூன்றாவது மீண்டும் முதல் பக்கத்தில் தொடங்கி 11 புள்ளியில் மாறும். ஆகவே மோசமான பக்கத்தில் தொடங்குபவருக்குத்தான் கடைசிப் புள்ளிகள் நல்ல பக்கத்தில் கிடைக்கும். பலருக்கு நல்ல பக்கம் என்பது காற்றை எதிர்த்து நிற்பது. ஓங்கி அடித்தாலும் வெளியே போகாது என்ற தைரியம் வரும்.

எங்கள் மாடியில் ஒரே கேம்தான், பக்கம் மாற்றுவதும் கிடையாது. அதனால் நான் மேற்கே, கடலைப் பார்த்து நிற்கவே கேட்கிறேன். விடியற்காலையில் ஆடுகிற பக்கத்து வீட்டுப் பசங்களோ கிழக்குப் பக்கத்துக்குச் சண்டை போடுவார்கள். அந்த நேரத்தில் நிலக்காற்று நெல்லிக்குப்பம் பக்கமிருந்து கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.