குத்தகையா, வாரமா? தண்ணீர் ஒப்பந்தத்தில் நட்டம் யாருக்கு

தண்ணீருக்குள் தனியார் வருகிறார்களாம் என்று ஒரு கதை கிளம்பினால் போதும், மட்டக்களப்பில் அடுத்த கேள்வி "அப்ப உன்னிச்சைக் குளத்தை விக்கப் போறாங்களா?" என்பதுதான். பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் அரச தனியார் பங்குடைமை என்ற பெயரில் உலகத்தில் நடக்கிற நீர்த் திட்டங்களில் பெரும்பாலானவற்றில் குளத்தை யாரும் விற்பதில்லை. குழாயும் நிலையமும் அரசிடமே இருக்கும், அல்லது ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அரசின் கைக்கு வந்துவிடும். நாம் பார்க்க வேண்டியது, நட்டம் வந்தால் அதை யார் சுமப்பது என்று எழுதியிருக்கும் பக்கத்தை.

இது நமக்குப் புதிய விசயமில்லை. வயல் சொந்தக்காரரான போடியார் வயலைக் குத்தகைக்குக் கொடுத்தால், வெள்ளம் வந்தாலும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தாலும் பேசிய நெல்லை அளந்தே ஆக வேண்டும். வாரத்துக்குக் கொடுத்தால் விளைச்சலிலும் நட்டத்திலும் இருவருக்கும் பங்கு. தண்ணீர் ஒப்பந்தங்களின் நூற்றுக்கணக்கான பக்கங்களும் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் நிற்கின்றன.

முதலில் இப்போது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் உள்ள நிலையத்துக்கு வருகிறது. இப்படியான நிலையத்தில் படிகாரம் போன்ற ஒன்றைக் கலந்து கலங்கலைத் திரள வைத்து அடியில் படியவிடுவார்கள், பிறகு மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து, பம்ப் வைத்து உயரத் தாங்கிகளுக்கு ஏற்றுவார்கள். மட்டக்களப்புத் திட்டத்துக்குக் கடன் தந்தது ஆசிய அபிவிருத்தி வங்கி, நடத்துவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. வழக்கமாக இப்படியான வேலைகளில் தனியார் வருவது கட்டுவதற்கு மட்டும்தான். கட்டி முடித்து, பழுது பார்க்கும் பொறுப்புக் காலமும் கழிந்தால், அது பெரும்பாலும் ஒரு வருடம்தான், ஒப்பந்தக்காரர் போய்விடுவார். மூன்றாம் வருடம் பம்ப் நின்றால் அது அவருடைய கவலை இல்லை.

பங்குடைமை ஒப்பந்தம் மாற்றப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். நிறுவனமே கடன் வாங்கிக் கட்டும், இருபது இருபத்தைந்து வருடம் நடத்தும், சுத்தமான தண்ணீர் வெளியே வந்தால்தான் அதற்குப் பணம். அப்போது குறைந்த மின்சாரத்தில் ஓடும் பம்பைத் தேடுவது, கசிவைத் துரத்திப் பிடிப்பது எல்லாம் அதன் சொந்த இலாபக் கணக்காகிவிடுகிறது. மணிலாவின் கிழக்குப் பகுதியை 1997இல் ஒரு நிறுவனம் பொறுப்பெடுத்தபோது, ஏற்றிய தண்ணீரில் 63 சதவீதம் கசிந்தோ களவு போயோ கணக்கில் வராமல் இருந்தது. பின்னர் அது ஏறத்தாழ 11 சதவீதத்துக்கு இறங்கியது. சரி, தனியார்தான் கெட்டிக்காரர் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. கம்போடியாவின் புனோம் பென் நகரில் அரச நிறுவனமே 1993இல் 72 சதவீதமாக இருந்த அதே இழப்பைப் பத்துக்கும் கீழே கொண்டுவந்தது. நல்ல நிர்வாகி, ஒழுங்கான மீற்றர், பெரிய இடத்து ஆட்களிடமும் பில் காசை வாங்கும் துணிச்சல் மூன்றும் இருந்தால் யார் நடத்தினாலும் நடக்கும். அதோடு தனியார் வாங்கும் கடனுக்கு வட்டி, அரசுக்குக் கிடைக்கும் அபிவிருத்திக் கடனின் வட்டியை விட அதிகம். மிச்சம் பிடிப்பது அந்தக் கூடுதல் வட்டியைத் தாண்டாவிட்டால் நமக்கு எந்த இலாபமும் இல்லை.

இனி நட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுத் திருப்பூரில் ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவர ஒரு பங்குடைமைத் திட்டம் 2005இல் ஓடத் தொடங்கியது, இந்தியாவில் இந்த வகையில் முன்னோடி அதுதான். கணக்கு அழகாக இருந்தது: சாய ஆலைகள் கூடின விலை கொடுக்கும், அந்தக் காசில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தண்ணீர் போகும். சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால் 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்னது. பெரிய வாடிக்கையாளர் இல்லாமல் போக, கடன் கட்ட வேண்டிய நிறுவனம் திணறிப் போனது. இப்படி நடக்கும் என்று பயந்துதான் பல நிறுவனங்கள் "எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இவ்வளவுக்குக் காசு" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேட்கின்றன. அந்த வரி இருந்தால் அன்றைய நட்டம் முழுவதும் அரசின் தலையில், அதாவது நம் தலையில் விழுந்திருக்கும்.

நாணயத்தின் கதை இதைவிட மோசம். புவனோஸ் ஐரிஸ் நகரின் தண்ணீரை 1993இல் 30 வருட ஒப்பந்தத்தில் ஒரு வெளிநாட்டுக் கூட்டு நிறுவனம் எடுத்தது. ஒரு பெசோ ஒரு டொலர் என்ற காலம் அது. 2002இல் பெசோ விழுந்தது, அரசு கட்டணத்தை உயர்த்த விடவில்லை, நிறுவனத்தின் கடனோ டொலரில். 2006இல் ஒப்பந்தத்தையே அரசு இரத்துச் செய்தது, வழக்கு சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. 2022இல் நம் ரூபா சில வாரங்களிலேயே ஒரு டொலருக்கு 200இலிருந்து 360 வரை போனதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பில் ரூபாவில், கடன் டொலரில் என்றால் அந்த வித்தியாசத்தை யார் கட்டுவது என்று முதல் பக்கத்திலேயே கேட்க வேண்டும். அரசு கடன் வாங்கினாலும் இதே கேள்விதான்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்று உண்டு. உன்னிச்சை அடிப்படையில் வெள்ளாமைக்கான குளம். மழை பொய்த்த வருடத்தில் சிறுபோகத்துக்குத் திறப்பதா, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ள ஊர்க் குழாய்களுக்கு வைத்திருப்பதா? இவ்வளவு தண்ணீர் தருவோம் என்று நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள விவசாயி அந்தப் பேச்சில் இல்லாமலே தோற்றுவிடுவார். எனக்கு இதில் இரண்டு மனமில்லை, விவசாயிகளின் சம்மதம் இல்லாமல் அப்படி ஒரு வரி எழுதப்படவே கூடாது.

அப்புறம் கழிவுநீர். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இங்கே அவசரம் இதற்குத்தான். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில், மழைநீர் உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அதே மணலுக்குள்தான் கிணறும் மலசலக்குழியும். காத்தான்குடி மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய ஊரில் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் விட முடியும்? பெரும்பாலான வீடுகளுக்கு நிலத்தடிக் கழிவுக் குழாய் இல்லை. குழி நிறைந்தால் கல்லி பவுசரை, அதாவது கழிவை உறிஞ்சி ஏற்றும் வண்டியைக் கூப்பிடுவோம். ஒழுங்கைக்குள் வர முடியாமல் முனையிலேயே நிறுத்தி, குழாயை வீடு வரை இழுத்து, பம்பைப் போட்டு உறிஞ்சி, மூடியைச் சாத்தியதும் வீட்டுக்காரர் காசைக் கொடுத்துவிடுவார். இதையும் ஒரு ஒப்பந்தமாகப் பாருங்கள்: காசு முழுவதும் குழியடியில் கைமாறிவிட்டது. ஏற்றிய கழிவை ஒழுங்கான இடத்துக்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு கிலோமீற்றரும் பவுசர்காரருக்கு வெறும் டீசல் செலவு.

இந்தியாவின் மகாராஷ்டிராவில் உள்ள வாய், சின்னர் என்ற இரண்டு சிறு நகரங்கள் 2018 அளவில் இதைத் திருப்பிப் போட்டன. கூப்பிட்டால் வருவது என்றில்லாமல், மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுக் குழிகளையும் முறை வைத்து ஒரு தனியார் நிறுவனம் காலி செய்கிறது. வீட்டில் காசு வாங்குவதில்லை, செலவு நகரசபை வரியிலிருந்து வருகிறது. எத்தனை குழி காலியானது, கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்துத்தான் நிறுவனத்துக்குப் பணம் போகும். பெரிய நிலையங்களுக்கு இந்தியாவின் கங்கை ஆற்றைச் சுத்தமாக்கும் திட்டத்தில் வேறொரு முறை இருக்கிறது: கட்டும்போது செலவில் 40 சதவீதம் கொடுத்துவிட்டு, மீதி 60 சதவீதத்தை 15 வருடத்துக்குப் பிரித்து, வெளியேறும் நீர் சொன்ன தரத்தில் இருந்தால் கொடுப்பார்கள்.

எங்கள் மாநகர சபையோ பிரதேச சபைகளோ வாய் நகரத்து முறையை எடுத்தால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இங்கே பல குழிகளுக்கு அடித்தளம் இல்லை, திரவம் மணலுக்குள் இறங்கிவிடும், பவுசருக்கு மிஞ்சுவது அடியில் கிடக்கும் சகதி மட்டும். கிணற்றுக்குப் போகிறதை அந்த ஒப்பந்தம் தடுக்காது. முதலில் குழியைக் கசியாத தாங்கியாக மாற்ற வேண்டும், அந்தச் செலவு கூலி வேலை செய்கிற குடும்பத்தால் தாங்கக்கூடியது இல்லை. ஆகவே குழியைத் திருத்தும் பணத்தையும் திட்டச் செலவுக்குள்ளேயே போட்டு, மாதாமாதம் தண்ணீர் பில்லோடு சிறு தவணையாக அறவிட வேண்டும், சமுர்த்தி எடுத்த, இப்போது அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம் எடுக்கிற குடும்பங்களுக்கு அதையும் அரசே கட்ட வேண்டும்.